காலுக்கு ஊத்தின தண்ணி

ஜன்னல் சீட்டு வேணுமுங்களா? நீங்களே உக்காருங்க. எனக்கு இன்னிக்கு வெளிய வேடிக்கை பாக்கற மனசில்லீங்க.

தனியாத்தான் போறனுங்க, கோயமுத்தூருக்கு. கணபதியில எங்க வீடு. வர்றப்ப மூணு பேரா வந்தோம். என்ர வீட்டுக்காரரும் பொண்ணும் அங்கயே இருக்கறாங்க. சண்டையான்னு கேட்டுப்போடாதீங்க, சண்டையெல்லாம் ஒண்ணுமில்லை. எனக்கு அந்த ஊருல நிக்க வெக்கமா இருந்துது, கெளம்பி வந்துட்டேன்.

ஊர் பேரச் சொல்ல மாட்டனுங்க. நீங்க இந்தப் பக்கத்து ஆளா இருந்தா யாரு எவருன்னு கண்டுபிடிச்சுப்போடுவீங்க. நாகர்கோவில்ல இருந்து கடலோரமாப் போனா வரும். பாறை, கலங்கரை விளக்கு, மீன்பிடித் துறைமுகம். சினிமாவுல காட்டறாப்புல நெம்ப அழகான ஊருங்க, அதுல குத்தஞ் சொல்ல முடியாது. போன அன்னிக்கே எட்டுப் போட்டோ ஸ்டேட்டஸ்ல போட்டேன். என்ர நாத்தனாரு, வருசா வருசம் குலு மணாலின்னு போட்டு நம்ம வயித்தெரிச்சலக் கொட்டிக்குவா, அவளே 'எந்த ஊரு இது'ன்னு கேட்டா. நான் பதில் சொல்லலை. கிடந்து யோசிக்கட்டும்னு விட்டுட்டேன்.

என்ர வீட்டுக்காரரு லேத் பட்டறை வெச்சிருக்கறாருங்க. நல்ல மனுசன். இல்லைன்னு சொன்னா என்ர நாக்கு அழுகிப் போயிரும். ஆனா நாலு பேரு இருக்கற இடத்துல எப்படி நடந்துக்கறதுன்னு மட்டும் தெரியாது. கல்யாணமான நாள்ல இருந்து இதே பாடு. கல்யாணப் பந்தியில ரசத்தை எலையில வாங்கி உறிஞ்சுவாரு. சத்தம் நாலாவது பந்தி வரைக்கும் கேக்கும். நான் அந்தாண்ட பாத்துக்குவேன்.

துறைமுகத்துக்குப் போனோமுங்களா, எல்லாரும் கடலப் பாக்கறாங்க. இவரு கடலையே பாக்கலை. கட்டியிருந்த ஒரு போட்டுல ஏறி இஞ்சினப் பாக்கப் போயிட்டாரு! 'ஏனுங்க, எறங்குங்க, ஆராச்சும் வைவாங்க'ன்னு நான் கரையில நின்னு கத்தறேன். உள்ள குனிஞ்சு, 'ஏ ருக்கு, இந்த ஷாஃப்ட்டப் பாரேன், நம்ம பட்டறையில வெச்சே கடைஞ்சு குடுக்கலாம்'ங்கறாரு. அந்தப் போட்டுக்காரங்க சிரிச்சுட்டு ஸ்பேனரை எடுத்து இவரு கையிலயே குடுத்துட்டாங்க. அப்பறம் கேக்கோணுமா? முழங்கை வரைக்கும் கிரீஸு. லுங்கியெல்லாம் கறை. காலெல்லாம் சேறு, மீன் செதிலு. அந்தக் கோலத்துலதாங்க அவங்க வீட்டுக்குப் போனோம்.

அவங்கன்னா யாருன்னு சொல்லலையில்லீங்க. சொல்றேன்.

என்ர பொண்ணு சிந்து, ஐ.டி. கம்பெனியில இருக்கறா. அவகூட வேலை செய்யற பையன் ஒருத்தன், பேரு அஜின். இந்த ஊருக்காரன். மீன்பிடிக்கற குடும்பம், வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. லீவுக்கு அவனும் ஊருக்கு வந்திருந்தான். 'பக்கத்துலதானம்மா, ஒரு எட்டு பாத்துட்டு வரலாம், சாப்படக் கூப்பிட்டிருக்கறாங்க'ன்னா. இதுதாங்க வெளிய சொன்ன காரணம்.

உள்ளுக்குள்ள வேற. ஊட்டுல கெளம்பறதுக்கு முந்தியே எங்கிட்ட மட்டும் சொல்லிட்டா. 'அம்மா, நான் அஜினத்தான் கட்டிக்கோணும்னு இருக்கறேன். அவங்கம்மாவ நீங்க ரெண்டு பேரும் ஒருக்கா பாருங்க, பழகுங்க, அப்பறம் பேசலாம். அப்பாகிட்ட நீ பக்குவமாச் சொல்லிரு. நான் சொன்னா குதிப்பாரு'ன்னா. என்ர கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. நானும் சரி கண்ணு, நான் சொல்லிக்கறேன்னு தலைய ஆட்டுனேன்.

சொல்லலீங்க. சமயம் வரோணுமில்லீங்களா? ரயில்ல சொல்லலாம்னு பாத்தேன், சீட்டாடிட்டு இருந்தாரு. லாட்ஜுல சொல்லலாம்னு பாத்தேன், படுத்ததும் கொறட்டை. அதுவுமில்லாம, எதுக்குச் சொல்றது? நாலு எடம் சுத்திப் பாத்துட்டுத் திரும்பினா, அப்படியே அதுவும் ஓஞ்சு போயிரும்னு ஒரு நெனப்பு. பெத்தவளுக்கு இருக்காதுங்களா? நாளைக்கு நம்ம சனத்துல தலை நிமிந்து நடக்க வேண்டாமுங்களா? நீங்களே சொல்லுங்க.

சரி. அந்த வீடு. சின்ன வீடுதானுங்க, ஆனா சுத்தம்னா அப்படியொரு சுத்தம். அஜினோட அம்மா பேரு செலின். நம்ம வயசுதான் இருக்கும். அவங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போயிருந்தாரு. கடல்லயே தங்கி மீன் புடிக்கற தங்கல் போட்டாம், போனா வர நாளாகுமாம். அந்தம்மா வாசலுக்கே வந்து, 'வாருங்கக்கா, வாருங்கண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க'ன்னு ஒரு சொம்பு நெறையத் தண்ணியை நீட்டினாங்க.

எங்க பக்கத்துல ஒறம்பரை, விருந்தாளின்னு வந்தா மொதல்ல வாசல்லயே ஒரு சொம்புத் தண்ணி குடுப்பாங்க. காலக் கழுவி, வாயக் கொப்புளிச்சுட்டு உள்ள வரோணும். குடிக்கற தண்ணி உக்காந்த பொறகுதான் வரும். அது மரியாதைங்க. குடுக்கற தண்ணியில காலக் கழுவாம உள்ள போனாத்தான் எங்க பக்கம் சொல்லிக் காட்டுவாங்க.

இவரு சொம்ப வாங்கினாரு. 'சந்தோசம் தாயி'ன்னாரு. அப்படியே கால் மேல ஊத்திக்கிட்டாரு. ஒரு காலால இன்னொரு காலைத் தேச்சுத் தேச்சு, சேறு போறாப்புல, சாவகாசமா. சொம்பு காலி. காலிச் சொம்ப நீட்டி, 'தாயி, இன்னொரு சொம்பு கெடைக்குமுங்களா, கை பூராக் கிரீஸு. சோப்பு இருந்தாலும் குடுங்க'ங்கறாரு!

அந்தப் பையன் மொகத்தப் பாக்கோணும். என்ர பொண்ணு மொகத்தப் பாக்கோணும். சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கறா.

அந்தம்மா சிரிச்ச மொகம் மாறாம சொம்ப வாங்கிட்டு உள்ள போனாங்க. குடத்தைச் சாய்ச்சு, அடியில சொம்பு விட்டு வழிக்கற சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுது. ரெண்டாவது சொம்பும் வந்துது. அதையும் கைக்கு ஊத்திட்டாரு. நான் கண்ணக் காட்டறேன், முழங்கையில இடிக்கறேன், ஹூம். 'எதுக்குடி இடிக்கறே'ன்னு சத்தமாக் கேக்கறாரு.

அப்பத்தான் பாக்கறேன், அஜின் பின்வாசல் வழியா காலிக் குடத்தை எடுத்துட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போறான். அந்த வீட்டுக்காரி சொல்றது இங்க வரைக்கும் கேக்குது. 'லாரி இன்னும் வரல்லியே மக்கா, பாதிதான் இருக்கு, கொண்டு போ'ன்னு. ஊரச் சுத்திக் கடலு, கெணத்துல பூரா உப்பு. குடிக்கற தண்ணி லாரியிலதான் வருமாம். வர்ற அன்னிக்கு வந்தாத்தான் நெசம். அந்தத் தண்ணியத்தாங்க இவரு காலுக்கு ஊத்தினாரு.

எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிரலாமாட்ட இருந்துது. வெக்கம்னா வெக்கம், அப்படியொரு வெக்கம். இந்த மனுசனக் கட்டிக்கிட்டு நான் இன்னும் என்னென்ன பாக்கோணுமோன்னு உக்காந்திருந்தேன்.

அப்பறம் அந்தம்மா தட்டத்துல டம்ளர் வெச்சு எடுத்துட்டு வந்தாங்க. பக்கத்து வீட்டுத் தண்ணி. இவரு மடக்கு மடக்குனு குடிச்சுட்டு, 'கொஞ்சம் உப்புக் கரிக்குதுங்க, ஆனா குளுகுளுன்னு இருக்குது, இன்னொண்ணு குடுங்க'ன்னாரு. வெக்கமாவது மானமாவது!

எனக்கு நீட்டினப்ப நான் மரியாதையாத்தான் சொன்னேன். 'இல்லீங்க, எனக்கு வெளித் தண்ணி ஒத்துக்காதுங்க, வயித்தக் கலக்கிப்போடும்'னு சொல்லிட்டு, டம்ளர சித்தெ தள்ளி வெச்சுட்டு, பையில இருந்து எங்க பாட்டில எடுத்துக் குடிச்சேன். சிறுவாணித் தண்ணிங்க. எங்கூர்க்காரங்க எங்க போனாலும் கேன்ல புடிச்சுட்டுத்தான் போவோம், ஊரு பூரா பண்ணறதுதான. அதுல என்ன தப்பு? அவங்க வீட்டுத் தண்ணியக் குடிக்க மாட்டேன்னா சொன்னேன்? ஒத்துக்காதுன்னுதான சொன்னேன்.

ஒரு வீட்டுல கை நனைச்சுட்டா அப்பறம் பேச்சு வேற மாதிரிப் போயிருமுங்க. உங்குளுக்குத் தெரியாததா? இன்னிக்குத் தண்ணி குடிப்போம், நாளைக்குச் சோறு திம்போம், நாளனைக்கு 'அதான் அன்னிக்கே சாப்பிட்டீங்களே'ம்பாங்க. நான் யோசிச்சுத்தான் செஞ்சேன்.

சாப்பாட்டுக்கு எலை போட்டாங்க. மீன் கொழம்பு, மீன் பொரிச்சது, மரவள்ளிக் கெழங்கு. வாசம் தூக்குது. நான், 'இன்னிக்கு சஷ்டிங்க, வெரதம்'னேன். அதோட விட்டிருந்தா முடிஞ்சுதுங்க. இவரு எலையில இருந்து தலையத் தூக்கி, 'எந்த சஷ்டி? காத்தால ஓட்டல்ல என்ர மீனையும் சேத்தித் தின்னியேடி'ங்கறாரு!

என்ன பண்ணச் சொல்றீங்க? என்ர மானம் அத்தனையும் அந்த எலையிலயே போச்சு. சிந்து சோத்தப் பெசையறத நிறுத்திட்டா. அந்தப் பையன் குனிஞ்ச தலை நிமிரலை. செலினம்மாதான், 'சும்மா இருங்கண்ணே, அக்காவுக்கு வயிறு சரியில்லாம இருக்கும், நம்மகிட்ட சொல்லக் கூச்சப்படுகாங்க'ன்னுட்டு, எங்கிட்டத் திரும்பி, 'கஞ்சி வச்சுத் தரட்டா அக்கா?'ன்னாங்க. வேண்டாமுங்கன்னேன். எந்திரிச்சு வாசல்ல வந்து நின்னுக்கிட்டேன்.

சாயங்காலம் பாறை மேல உக்காந்திருக்கறப்ப சிந்து அவங்கப்பாகிட்ட அஜின் விஷயம், அந்தத் தண்ணி விஷயம், எல்லாத்தையும் அவளே சொல்லிட்டா. நான் குதிப்பாரு, கத்துவாருன்னு பாத்தேன். குதிக்கலீங்க. அப்பறம் என்னப் பாத்து, 'உனக்குத் தெரியுமா?'ன்னாரு. 'அரசல் புரசலாத் தெரியும்'னேன். 'தண்ணி விஷயம்?'னாரு. 'அதான் கண்ணக் காட்டுனேனே, நீங்க பாத்தாத்தான'ன்னேன். 'வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ருக்கு'ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கு மேல எங்கிட்டப் பேசலை. செஞ்சதெல்லாம் அவரு, கோவம் எம்மேல. நாயம் பாத்தீங்களா?

இனிமேத்தான் இருக்குது கூத்து.

இன்னிக்குக் காத்தால எந்திரிச்சுப் பாக்கறேன், ஆளக் காணோம். பால்கனியில வந்து நின்னா, கீழ ரோட்டுல தண்ணி லாரி நிக்குது. பொம்பளைங்க கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவுல ஒத்தை ஆம்பளை, லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு ரெண்டு பிளாஸ்டிக் கொடத்தோட வரிசையில நிக்கறாருங்க என்ர வீட்டுக்காரரு! பொம்பளைங்க எல்லாரும் சிரிக்கறாங்க. இவரும் சிரிக்கறாரு. டூர் வந்த சனம் போன்ல படம் புடிக்குது. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. அந்தப் படம் எங்கயாச்சும் சுத்திச் சுத்தி என்ர நாத்தனாரு போனுக்கு வந்துதுன்னு வைங்க, நான் உசுரோட இருக்கறதா வேண்டாமா?

எறங்கி ஓடினேன். 'ஏனுங்க, என்னங்க இது, பட்டறை மொதலாளி பண்ணற வேலையா? குடத்த வெச்சுட்டு வாங்க'ன்னு பல்லக் கடிச்சுட்டுச் சொன்னேன். ஒரு குடத்தைத் தோளுல தூக்கி வெச்சுட்டு, 'குடிக்கக் குடுத்த தண்ணியில காலக் கழுவிட்டு வந்திருக்கறேன். ராத்திரி பூராத் தூக்கமில்லை. தள்ளு'ன்னாரு.

'அப்ப கல்யாணத்துக்குச் சரின்னுட்டீங்களா?'ன்னேன்.

'அத எவன் சொன்னான்? அது பொறகு பேசிக்கலாம். அவங்க வீட்டுக்காரரு இன்னிக்குக் கரைக்கு வர்றாராம், பாத்துப் பேசோணும், எனக்கும் ஆயிரம் யோசனை இருக்குது. இது வேற'ன்னுட்டு நடந்தாரு. லுங்கி பூரா நனைஞ்சு, குடத்துல இருந்து வழிய வழிய, நடு ரோட்டுல. பின்னாடியே இன்னொரு குடத்தை இடுப்புல வெச்சுட்டு என்ர பொண்ணு. ஐ.டி. கம்பெனியில வேலை பாக்கற புள்ளைங்க. அவங்கப்பாவும் அவளும் பேசிச் சிரிச்சுட்டுப் போறாங்க. நான் லாட்ஜு வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தேன். என்னைய ஒருத்தரும் வான்னு கூப்படலை.

அப்பத்தான் முடிவு பண்ணினேன். பைய எடுத்தேன், கெளம்பறேன்னு போன்ல சொன்னேன். தடுப்பாங்கன்னு நெனச்சேன், பொய் சொல்ல வேண்டாம். 'சரி, சிந்துவை அனுப்பறேன், பஸ் ஏத்தி விடுவா'ன்னாரு.

நாகர்கோவில் வரைக்கும் டவுன் பஸ்ஸுல கூட வந்தா. வழி பூரா போனையே பாத்துட்டு வந்தா. இந்த பஸ்ஸுல ஏறி உக்காந்த பொறகு எனக்கே பொறுக்கலை. இதோ, இந்த ஜன்னலுக்கு வெளியதான் நின்னா. 'உங்கப்பா பண்ணின கூத்துக்கு நான் எந்த மொகரைய வெச்சுட்டு அவங்க முன்னாடி நிக்கறது? அதான் போறேன்'னேன்.

அழுகலீங்க. கோவிச்சும் பேசலை. 'அப்பா தெரியாம செஞ்சாரும்மா'ன்னா. 'உனக்குத் தெரியும். அது யாரு வீடுன்னு தெரியும். அந்தத் தண்ணி பக்கத்து வீட்டுல எரந்து வாங்கினதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் டம்ளரைத் தள்ளி வெச்சே.'

ஏதாச்சும் கேக்கோணுமேன்னு, 'அந்தம்மா என்னப் பத்தி என்ன சொன்னாங்க?'ன்னு கேட்டேன். திட்டியிருப்பாங்கன்னுதான் நெனச்சேன். திட்டட்டும், பதிலுக்கு நாமளும் நாலு வார்த்தை சொல்லலாம், கணக்குத் தீந்துரும்னு இருந்தேன்.

'அவங்க நம்பிட்டாங்கம்மா'ன்னா.

'என்னத்த?'

'உனக்குத் தண்ணி ஒத்துக்காதுன்னு சொன்னத. அப்பா கொண்டு போய் ஊத்தின தண்ணியில மொத வேலையா உனக்குன்னு எடுத்து, சீரகம் போட்டுக் காச்சி, துணியில வடிகட்டி, சூடாவே ஒரு எவர்சில்வர் பாட்டில்ல ஊத்திக் குடுத்தாங்க. ராத்திரி பூரா அக்காவுக்கு வயிறு எப்படியிருக்கோன்னு அஜின்கிட்டக் கேட்டுட்டே இருந்தாங்களாம்'னு சொல்லிட்டு, அவ பையில இருந்து எடுத்து ஜன்னல் வழியா என்ர மடியில வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டா.

இதுதானுங்க. நீங்க ஏறினதுல இருந்து நான் துணியப் போட்டு மூடி மடியில வெச்சிருக்கறேனே, இதுதான். இன்னும் சூடு இருக்குது, தொட்டுப் பாருங்க.

அந்தம்மா என்னையக் கேவலமா நெனைச்சிருந்தா நான் நிம்மதியா ஊடு போய்ச் சேந்திருப்பேனுங்க. நம்பிட்டாங்களே. வயித்து வலிக்காரின்னு நம்பிட்டாங்களே. என்ர பொண்ணுக்கு மாமியாளா வரப்போற பொம்பளை... வருவாளோ வரமாட்டாளோ, அவரு என்ன பேசிட்டு வர்றாரோ, எனக்குத் தெரியாது. எனக்கு வெக்கமா இருக்குதுங்க. காத்தால இருந்தது வேற, இது வேற. இது நெஞ்சுக்குள்ள இருந்து வருது.

எங்க தண்ணி நேத்தே தீந்து போச்சு. காத்தால இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை. இந்த மூடியத் திருகத்தான் கை வரலீங்க. எந்த வாயால குடிக்கறது?

உங்குளுக்குத் தாகமா இருக்குதுங்களா? வெயிலுல ஏறி வந்தீங்க. இந்தாங்க, நீங்க குடிங்க, நல்ல தண்ணி, காச்சினது.

இல்லீங்க. இருங்க. குடுத்துருங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. இது எனக்குன்னு காச்சினதுங்க.